கையை எடுத்துவிட்டுச் சொன்ன பதில்

ஓசூர்,
ஆவணி 28, சனிக்கிழமை

அன்புள்ள மகள் ரேவதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சுகமா என்று எப்போதும் போனில்தான் கேட்பேன், நீ என் போனை எடுக்காமல் இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது, அதனால் பேனாவால் கேட்கிறேன், சுகமா கண்ணு? அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்து இரண்டு தடவை ம் கொட்டிவிட்டு டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாயாம். நேற்று மூன்று தடவை ம் சொன்னாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீ கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்தால் ஒரு மணி நேரம் கேட்கிறது, அப்புறம் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இங்கே நாலு நாளாக மழை, சிப்காட் ரோடு முழுக்கக் குழி, ஷிப்டு பஸ் தினமும் கால் மணி லேட். கம்பெனியில் புதிதாக ஒரு கிரைண்டிங் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது, எல்லாம் ஸ்க்ரீனில் தொட்டால் போதும், ஆனாலும் அளவு சரியா என்று கடைசியில் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உன்னோடு மஸ்கட்டில் வேலை பார்க்கிற சௌமியா லீவு முடிந்து திங்கள்கிழமை புறப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு, கிருஷ்ணகிரியில் அவள் வீட்டுக்கே போய் இந்தக் கவரைக் கொடுக்கப்போகிறேன். கூடவே ராகி மாவும் மாங்காய் ஊறுகாயும் இருக்கும், ஊறுகாயில் அவளுக்கும் பங்கு கொடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ திறக்காமலே வைத்திருப்பாய், கையில் கொண்டுவந்து கொடுத்தால் பிரிக்காமல் இருக்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும். நீ கோபமாக இருப்பதும் எனக்குத் தெரியும், எதற்கென்றும் தெரியும். நம் சுவாதி எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் படித்து மறுபடி நீட் எழுத வேண்டும், பல் மருத்துவத்தை எடுக்கவே கூடாது என்று நீயும் நானும் பேசி முடிவு செய்தோம். நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில டாக்டர் உள்ள வந்தா நாங்க எல்லாம் எழுந்து ஓரமா நிக்கிறோம்ப்பா, ஆறு வருஷமா நிக்கிறேன், என் தங்கச்சி உள்ள வர்ற ஆளா இருக்கணும், பல்லு டாக்டர்னா யாரும் எழுந்து நிக்க மாட்டாங்க என்றாய். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். கவுன்சிலிங்கில் அவளை எதற்கும் தலையாட்ட விடமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அப்புறம் அவள் பல் மருத்துவத்தில் சேர்ந்துவிட்டாள். நான்தான் எடுத்தேன்க்கா, அப்பா பேச்சைக் கேட்கலை என்று அவளே உன்னிடம் போனில் சொன்னாள், அவளைத் தடுக்காத என்னையும் சேர்த்து, அன்றோடு நீ எங்கள் இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திவிட்டாய். நடந்தது அது இல்லை ரேவதி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, இடையில் மடித்து வைக்காதே.

முதலில் அப்ளிகேஷன் போட்ட கதையைச் சொல்கிறேன். அவள் மார்க்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சந்தோஷ் என்பவர் வைத்திருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனோம். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான், சீட்டு எது என்பது கவுன்சிலிங்கில்தான் முடிவாகும் என்று அவர் சொன்னார். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் சான்று கேட்டார்கள், தலைமையாசிரியை சரோஜம்மாள் ஒரே நாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நல்ல அம்மா. உன் அம்மா பிறந்தது ஆனேக்கல் பக்கம், கர்நாடகா, அதனால் பிறப்பிடச் சான்றுக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது, நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று பழைய ஊரின் வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். முப்பது வருஷம் பார்டர் தாண்டிப் பால், தக்காளி, பெண் எல்லாம் போய் வருகிறது, ஒரு காகிதத்துக்கு மட்டும் அந்தக் கோடு தெரிகிறது என்று நான் முணுமுணுத்தேன். சுவாதிதான், பரவால்லப்பா, பழைய ஊருக்குப் போகணும்னு நானே இருந்தேன் என்றாள். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நம் பழைய ஊர் ஆட்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் உள்ளங்கையை வாய்க்குக் குறுக்கே வைப்பார்கள், பெண்கள் முந்தானையை. ராயக்கோட்டையில் இருக்கிற போட்டோ ஸ்டூடியோக்காரர் நம் ஊர்க்காரர் யார் போனாலும் கேட்காமலே வாயை மூடிக்கோங்க என்பார், அவர் நல்லதற்குத்தான் சொல்வார். பழுப்பும் மஞ்சளும் கோடும் குழியுமாக இருக்கிற பல்லை யாருக்குக் காட்டுவது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதே மாதிரிப் பல் இருக்கிற பக்கத்து மூன்று ஊர்களில்தான். நானும் சுவாதியும் போன அன்றைக்கு வி.ஏ.ஓ. மதியம்தான் வருவார் என்றார்கள், ஆபீசுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சுவாதி பையிலிருந்து ஒரு நூறு பக்க நோட்டை எடுத்தாள். திறந்தால் பக்கத்துக்கு ஒரு வாய். மேல் பல் ஆறு, கீழ் பல் ஆறு, பென்சிலால் வரைந்து, கறை எங்கே, கோடு எங்கே, குழி எங்கே என்று கலர் பென்சிலால் தீட்டி, பக்கத்தில் வயசு, எந்த ஊர், சின்ன வயசில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக ஆரம்பித்தாளாம், கண்காட்சி முடிந்தும் நிறுத்தவில்லை. நம் தெருவில், ரேஷன் கடையில், பள்ளியில் சமைக்கிற ஆயா வரைக்கும் ஐம்பத்திரண்டு பேர் அதில் இருந்தார்கள். என் கண் முன்னால் வளர்ந்த பெண், இரண்டு வருஷமாக என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வெங்கடம்மாள் உனக்கு ஞாபகம் இருக்கும், நம் நிலத்துக்குப் பக்கத்து நிலம், அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். சுவாதி அவரிடம் போய் மெதுவாகக் கேட்டாள், அவர் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டார், இவள் விடவில்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு நொடி பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, நீங்க இந்த ஊர்ல பொறக்கல, எட்டு வயசுக்கு மேலதான் இங்க வந்திருக்கீங்க, முன் பல்லெல்லாம் சுத்தமா இருக்கு, ஊர்ல எல்லாரும் மறைக்கிறாங்கன்னு நீங்களும் மறைக்கிறீங்க என்றாள். வெங்கடம்மாள் அப்படியே திகைத்துப் போனார். ஏம்மே, உனக்கு யாரு சொன்னது, எங்கம்மா செத்தப்புறம் பத்து வயசுல எங்க சித்தி என்னை இங்க கூட்டியாந்தா, அது எம்புள்ளைங்களுக்கே தெரியாதே என்றார். அறுபது வருஷமாக நல்ல பல்லை முந்தானையால் மூடிக்கொண்டிருந்த மனுஷி அவர். அவர் முந்தானையைக் கீழே விட்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. டிராக்டர் ஓட்டுகிற மாதேஷ் நானும் காட்டறேன் என்று வந்து நின்றான். இவள் அவன் பல்லைப் பார்த்து, மேலேயும் கீழேயும் கறை, நடுவுல மட்டும் ஒரு பட்டை வெள்ளையா இருக்கு, எல்லாப் பல்லுலயும் ஒரே மாதிரி, அண்ணா நீங்க மூணு வயசு வாக்கில கொஞ்ச காலம் வேற ஊர்த் தண்ணி குடிச்சிருக்கீங்க என்றாள். அவன் அப்பா பெங்களூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனபோது குடும்பத்தோடு ஒன்றரை வருஷம் அங்கே இருந்தார்களாம். மரத்தை அறுத்தால் வட்டத்தை எண்ணி வயசு சொல்வார்களே, அந்த மாதிரி. நான் மைக்ரோமீட்டரை வைத்து முப்பது வருஷம் அளந்தவன், மைக்ரானில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிப்பேன் என்று திமிராகச் சொல்கிறவன். இந்தப் பெண் ஒரு கருவியும் இல்லாமல், ஒரு மனுஷன் மூன்று வயசில் எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்று வாயைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது ரேவதி. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயம் மாதிரி ஒன்று வருமா? எனக்கு வந்தது.

சான்றை வாங்கிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறினோம். சானமாவு காடு வந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது, பாரஸ்ட்காரர்கள், யாரும் இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று கையைக் காட்டினார்கள். வழக்கமான கதைதான், உனக்குத் தெரியாததா. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றோம். சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக நேராக என் முகத்தில் அடித்தது. சுவாதி நோட்டைத் திறந்து, அப்பா, நீயும் காட்டு என்றாள், குசுகுசு என்று. உன் பக்கம்தான் இன்னும் காலியா இருக்கு என்றாள். பக்கத்தில் ஆள் இருக்கு என்றேன். எல்லாரும் யானையப் பாக்கறாங்கப்பா, உன் வாயை யாரு பாக்கப்போறா என்றாள். திறந்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பென்சிலை எடுக்கவே இல்லை. அப்புறம் சொன்னாள், பக்கத்துப் பல்லெல்லாம் தண்ணிக் கறைப்பா, ஆனா முன்னாடி நாலு பல்லுல மேல்தோலே இல்ல, இது கறை இல்ல, எதையோ வச்சுத் தேச்சிருக்க என்றாள். பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிரஷ் இப்படித் தேயாது, இது குறுக்கால ஒரே பக்கமா, நாலு பல்லுலயும் ஒரே ஆழத்துல தேஞ்சிருக்கு, மெஷின்ல வேலை பாக்கறவங்க கையால செஞ்ச மாதிரி அவ்வளவு நேரா இருக்கு என்றாள்.

இருபத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை யானைக்குப் பயந்து நின்ற பஸ்ஸில் என் சின்ன மகளிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், கம்பெனியில் இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க வைத்திருக்கும் எமரி பேப்பரில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கண்ணாடி முன்னால் நின்று என் முன் பல்லைத் தேய்த்தேன். ஆனேக்கல் பக்கத்துக்காரர்கள் பல்லைப் பார்த்ததுமே இது அந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று கண்டுபிடித்து எழுந்து போய்விடுவார்கள் என்று பயம். ஷாஃப்டைத் தேய்த்தால் பளபளக்கிறது, பல்லும் அப்படித்தானே என்று நினைத்த புத்திசாலி உன் அப்பா. பளபளக்கத்தான் செய்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை நான் நிம்மதியாகக் குடித்ததில்லை, ஐஸ்கிரீம் பிடிக்காது என்று உங்களிடம் சொன்னதெல்லாம் பொய், பிடிக்கும், கூசும். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். உனக்குப் பல் முளைத்துப் பழுப்பாக வந்தபோது, அது என் ரத்தத்திலிருந்து வந்தது, என் பல்லை உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று நான் நம்பினேன். சுவாதிக்கு வெள்ளையாக வந்ததும், சரி, இவள் அம்மாவைக் கொண்டு பிறந்துவிட்டாள், பெரியவள் என்னைக் கொண்டு பிறந்துவிட்டாள் என்று நினைத்து உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குத்தல் இருக்கும். அவள் சொன்னாள், ரத்தம் இல்லப்பா, தண்ணி, அந்தத் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், பல்லு உள்ள வளர்ற வயசுல அதைக் குடிச்சா யாருக்கும் இப்படித்தான் வரும், அக்கா ஏழு வயசு வரைக்கும் அந்த ஊர்ல இருந்தா, நான் ஓசூர் வந்தப்புறம் பொறந்தேன், அவ்வளவுதான், நான் முதல்ல பொறந்திருந்தா எனக்கு வந்திருக்கும் என்றாள். எத்தனை வருஷச் சுமை ரேவதி, எத்தனை லேசாக இறக்கி வைத்துவிட்டாள். பஸ் கிளம்பியதுகூட எனக்குத் தெரியவில்லை. யானையையும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எமரி பேப்பர் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, அய்யோ தேவரே என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுவிட்டு, அன்னிக்கு எங்க வீட்டுக் காப்பியை வாயில வச்சதும் உங்க முகம் போன போக்கைப் பார்த்தே தெரிஞ்சுகிட்டேன், இந்த மனுஷன் எனக்காக எதையோ பண்ணிக்கிட்டு வந்திருக்காருன்னுதான் சரின்னு சொன்னேன் என்றாள். இத்தனை காலம் மறைத்தவன் நான், தெரிந்தும் கேட்காமல் எனக்குக் காப்பியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தவள் அவள். யாரைப் பார்த்து ஆச்சரியப்படுவது என்றே அந்த வாரம் எனக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சுவாதி தூங்கின பிறகு, இல்லை, பொய் சொல்லக் கூடாது, அவள் குளிக்கப் போயிருந்தபோது, அந்த நோட்டை எடுத்து நான் முழுசாகப் புரட்டினேன். முதல் பக்கத்தில் இருப்பது உன் பல். மற்றவர்களுக்குப் பென்சில், உனக்கு மட்டும் பேனா. பார்த்து வரைந்தது இல்லை, ஞாபகத்தில் வரைந்தது, ஆனால் இடது பக்கப் பல்லில் இருக்கிற அந்தச் சின்னக் குழி வரைக்கும் அப்படியே இருக்கிறது. நீ கையை வைக்காமல் சிரித்தது இந்த வீட்டில் அவள் ஒருத்தி முன்னால்தானே, ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், நான் அதட்டுவேன். கீழே ஒரு தேதி எழுதியிருந்தது. உன்னைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து வந்தார்களே, மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டும் என்று சொல்லி, நீ சிரித்ததும் மற்றவர்களைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாளே, அந்த நாள். சுவாதிக்கு அப்போது பன்னிரண்டு வயசு, டம்ளர் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள், அவளை நாம் யாருமே கவனிக்கவில்லை. அடுத்த மாதமே நீ மஸ்கட்டுக்கு எழுதிப் போட்டாய். கொரோனாவில் எல்லாரும் மாஸ்க்கைத் திட்டினபோது, எனக்கு மட்டும் இது நல்ல காலம் என்று நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், அதையும் அவள் அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே, எந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறாள்.

இப்போது கவுன்சிலிங். சென்னையில் பெரிய ஹால், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பக்கத்தில் பெற்றவர்கள், பாதிப் பேர் கூலி வேலைக்காரர்கள் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை சீட்டு மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருந்தது, எம்.பி.பி.எஸ். பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவளைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அது முடிந்துவிட்டது. என் பையில் நீ சொன்னபடி கிருஷ்ணகிரி கோச்சிங் சென்டர் பாரம் பூர்த்தி செய்து தயாராக இருந்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை ரேவதி, அதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பிட்டதும் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தோம், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அம்மா, புதுக்கோட்டையில பி.டி.எஸ். இருக்கு, எடுத்துக்கிறீங்களா, இல்ல வேண்டாம்னு எழுதிக் குடுக்கிறீங்களா என்று கேட்டார். சுவாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா சொல்றதுதான் மேடம் என்றாள். அவள் உனக்கும் எனக்கும் இருந்த பேச்சை அறிந்தவள், அவள் மனசை அறுத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னாள். வேண்டாம் என்ற வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது, சத்தியமாக இருந்தது. நோட்டின் முதல் பக்கம் கண் முன்னால் வந்தது. வெங்கடம்மாள் முந்தானையைக் கீழே விட்டது வந்தது. எடுத்துக்கிறோம்மா என்றேன். அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்றீங்க என்றார். மறுபடி சொன்னேன், மறுபடியும் கேட்கவில்லை. அப்புறம் அவர், சார், வாயில இருந்து கையை எடுத்துட்டுச் சொல்லுங்க என்றார். அப்போதுதான் என் உள்ளங்கை வாய்க்குக் குறுக்கே இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயசு வரைக்கும் புது மனுஷர்கள் யாரோடு பேசினாலும் அது தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கையை எடுத்தேன். மேஜை மேல் வைத்தேன். என் பல் எல்லாம் தெரிய, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, என் பொண்ணு பல் டாக்டருக்குப் படிக்கிறாம்மா, எடுத்துக்கிறோம் என்று சொன்னேன். ஆகவே வாக்கை மீறினது நான். அவள் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே உனக்குப் போன் செய்து நான்தான் சொன்னேன் என்று சொல்லப்போனேன். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா என் மேலயே கோவமா இருக்கட்டும்ப்பா, உன் மேலயும் கோவம் வந்துட்டா அவளுக்கு அங்க மனசு விட்டுப் பேச யாரு இருக்கா, என் மேல இருக்கற கோவம் நாலு நாள்ல போயிடும் என்றாள். நாலு நாள் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. போன வாரம் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டு வந்தோம், பெட்டியும் பக்கெட்டுமாக சேலம், நாமக்கல், திருச்சி என்று மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். பேச்சியம்மாள் என்று தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்திதான் அறைத் தோழி, வந்த பத்து நிமிஷத்தில் நம்மவள் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துவிட்டாள், நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரவில் என்னிடம் பேசும்போது நன்றாகத்தான் பேசுகிறாள், ஆனால் வைப்பதற்கு முன்னால் தினமும் அக்கா பேசினாளாப்பா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கூசுகிறது, குளிர்ந்த தண்ணீரைவிட அதிகமாகக் கூசுகிறது.

எழுந்து நிற்பதைப் பற்றி நீ சொன்னாயே, அதற்கு மட்டும் ஒரு பதில் எழுதி முடிக்கிறேன். பல் டாக்டர் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை என்பது நிஜமாகவே இருக்கட்டும். அன்றைக்கு வேப்ப மரத்தடியில் வரிசையாக நின்று எனக்கும் பாரு எனக்கும் பாரு என்று வாயைத் திறந்தார்கள் நம் ஊர்க்காரர்கள், வேறு யாருக்கு அவர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள்? எனக்குப் படிப்பு இல்லை, பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். நீ ஆறு வருஷம் நின்ற நிற்பில்தான் அவள் படித்தாள், அதையும் நான் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. நைட் டூட்டியில் காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, வீங்கும். ராகி மாவைக் காற்றுப் போகாமல் மூடி வை. நீ என் மேல் எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு, நான் தாங்குவேன், அவளுக்கு மட்டும் ஒரு போன் போடு. போட்டால் வீடியோவில் போடு, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பேசு, நோட்டின் முதல் பக்கத்தை அவள் சரிபார்க்க வேண்டுமாம். உன் அம்மா தன் வாழ்த்தையும் எழுதச் சொன்னாள், மூன்று ம்முக்குப் பதில் ஒரு முழு வாக்கியம் பேசச் சொன்னாள். குலதெய்வம் உனக்குத் துணை இருக்கும், நல்ல உடம்பும் நல்ல மனசுமாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

கல்லூரி வாசலில் எடுத்த போட்டோ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். நடுவில் சுவாதி, வலது பக்கம் அம்மா. இடது பக்கம் பழுப்புப் பல் அத்தனையும் தெரிய ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறான், நீ பார்த்திராத சிரிப்பு என்பதால் அடையாளம் தெரியாமல் போகலாம், அது நான்தான்.

உன் அன்பு அப்பா,
சம்பங்கி